சித்தி அள்ளிய காலடி மண்

செம்மண்ணில் என் வலது காலின் தடம். அதன் மேல் சித்தியின் கை. ஒரு பிடி மண்ணை அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டு விறுவிறுவென்று போனாள். எனக்கு அப்போது ஒன்பது வயது. ரெட்டியார்சத்திரம் பக்கத்தில் எங்கள் தோட்டத்துத் தக்காளிக் கூடைகளுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் பக்கம் தடம் என்றால் காலடி மட்டுமா? காட்டுக்குப் போகிற வழியும் தடம்தான், பஸ் ஓடுகிற ரூட்டும் தடம்தான். தோட்டத்துக்குப் போகும் தடம் யாருக்கு என்ற சண்டையில் அப்பாவும் சித்தப்பாவும் அந்த வருஷம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அதனால், நான் பார்த்ததைச் சொன்னதும் அம்மாவின் முகம் வெளிறிவிட்டது.

"பாவி மக, புள்ள காலடி மண்ணுல கைய வச்சுட்டாளே!"

பகையாளியின் காலடி மண்ணை எடுத்துச் செய்வினை வைத்தால் ஆள் தேய்ந்தே போவார் என்பது ஊரறிந்த சங்கதி. அன்றிலிருந்து நான் நடந்த இடத்தையெல்லாம் அம்மா விளக்குமாற்றால் கூட்டிக்கொண்டே பின்னால் வந்தாள். செத்துப்போவேன் என்றே நான் நம்பினேன். சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் காய்ச்சல் வந்தது.

அம்மா பொறுக்கமாட்டாமல் சித்தி வாசலில் போய் நின்று, "எம்புள்ளைக்கு என்னடி செஞ்ச?" என்று கத்தினாள். கைக்குழந்தையை மாரோடு அணைத்துக்கொண்டு சித்தி வெளியே வந்தாள்.

"சத்தியமா செய்வினை இல்லக்கா. ஒம்மக வேலியோரம் நின்னு 'பாப்பா அம்புட்டு அழகு'ன்னுச்சு. அன்னைக்கே இவ பால் குடிக்கல. அதான் அந்த மண்ண உப்பு மொளகாயோட சுத்திப் போட்டேன். ரெண்டு புள்ளைய மண்ணுக்குக் குடுத்தவக்கா நான்."

அட கடவுளே! நான் அவள் கைக்குப் பயந்து கிடந்தேன், அவள் என் கண்ணுக்குப் பயந்திருக்கிறாள். அம்மா திரும்பி வந்து விளக்குமாற்றை மூலையில் சாத்தி வைத்தாள்.

அந்தச் சண்டையெல்லாம் பிறகு தீர்ந்தது. இரண்டாயிரத்துக்குப் பின் எனக்கு மகள் பிறந்தபோது, திண்டுக்கல் வீட்டுக்குச் சித்தி பார்க்க வந்தாள். தொட்டிலுக்குப் பக்கத்தில் வரவேயில்லை. எட்ட நின்று, "கருப்புத்தான்" என்று மட்டும் சொன்னாள். கிளம்பும்போது வாசலில் கொட்டியிருந்த மணலில் செருப்பைக் கழற்றிவிட்டு அழுத்தி மிதித்தாள்.

"வீடெல்லாம் டைல்ஸா கெடக்கு, ஒனக்கு மண்ணு ஏது? எடுத்துக்க தாயி. நான் ஒண்ணும் நெனைக்க மாட்டேன்."

"போங்க சித்தி, நான் படிச்சவ" என்று சிரித்தேன். அவளும் சிரித்துக்கொண்டே போனாள்.

தெருமுனையில் அவள் திரும்பும்வரை கையசைத்தேன். அப்புறம் அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு குனிந்தேன். ஒரு பிடி அள்ளி முந்தானையில் முடிந்துகொண்டேன்.