தராசு மேடம்

ஸ்குரூவை இடுக்கியால் எடுத்துத் தராசில் வைக்கிறார். எண்ணைப் பார்த்து உதட்டைப் பிதுக்குகிறார். அடுத்த ஸ்குரூ. எல்லாம் ஒரே டப்பாவில் வந்தவைதான், ஆனாலும் மெலிந்தவற்றைப் பொறுக்கித்தான் வானத்துக்கு அனுப்புவார். கனத்தவை அலுவலகத்தின் கதவுக் கீல்களுக்குப் போகும்.

முகத்துக்கு நேரே 'மேடம்', முதுகுக்குப் பின்னால் 'தராசு'. இரண்டும் அவருக்குத் தெரியும். பழைய பம்பு தொழிற்சாலை ஒன்றைக் கழுவித் துடைத்து அமைத்த அந்த நிலையத்தில், செயற்கைக்கோளின் எடை கூடாமல் பார்த்துக்கொள்வதுதான் அவர் உத்தியோகம். செயற்கைக்கோள் என்றதும் பெரிதாக எதையும் நினைத்துவிட வேண்டாம். ஷூ டப்பா அளவுதான். வேறு யாரோ அனுப்பும் ராக்கெட்டில் ஒரு ஓரமாக ஒட்டிக்கொண்டு போவது. ஒப்பந்தத்தில் எழுதிய எடைக்கு மேல் ஒரு கிராம் கூடினாலும் ஏற்ற மாட்டார்கள்.

ஆனால் அந்தப் பகுதியின் விண்வெளித் தொழிலை வளர்ப்பதற்கென்று அரசு தொடங்கிய நிலையம் அது. ஆகவே வளர ஆசைப்பட்ட எல்லோரும் அந்த டப்பாவுக்குள் ஏறப் பார்த்தார்கள். பேட்டரி கம்பெனி, பெயின்ட் கம்பெனி, பொறியியல் கல்லூரி, ஒயர் விற்பவர். எல்லோருக்கும் அவர் சொன்ன பதில் ஒன்றுதான்: "ஆசையை எவ்ளோ வேணா கொண்டு வாங்க. சாமானை மட்டும் கிராம்ல கொண்டு வாங்க."

வீட்டிலும் இதே கூத்துதான். நாத்தனார் ஆசையாக வாங்கி வந்த கேக்கைக் கையில் வாங்கியதும், கேக்கைவிட அட்டைப்பெட்டிதான் கனம் என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நாத்தனார் வெறுங்கையோடுதான் வருகிறார். ஊரையே எடை போடுகிறாயே, நீ ஒருநாள் ஏறி நில்லேன் என்று கணவர் சீண்டினால், "என்கிட்ட எதைக் கழட்டுறது?" என்று கேட்டு அந்தப் பேச்சை அதோடு முடித்துவிடுவார்.

அவரிடம் வந்து சிக்கியவர்களில் ஒருவர், வயல்களின் ஈரத்தை வானத்திலிருந்தே அளக்கும் கருவி ஒன்றைச் செய்திருந்தார். அதற்காக நல்ல வேலையை விட்டவர். டயர் கடை மாடியில் ஓர் அறை எடுத்து, அங்கேயே சாப்பிட்டு, அங்கேயே தூங்கிச் செய்தது. கருவி நன்றாகவே வேலை செய்தது. எடைதான் கொஞ்சம் கூடுதல்.

"இந்தத் தடவை போகலைன்னா பழைய வேலைக்கே போயிடணும்னு வீட்ல சொல்லிட்டாங்க மேடம்."

"வீட்ல பேசிப் பாக்கலாம். ராக்கெட்டுகிட்ட என்னத்தப் பேசுறது?"

அவசரத்துக்கென்று ஒதுக்கி வைத்த கையிருப்பு எடையில் கொஞ்சம் தரக்கூடாதா என்றும் அவர் கெஞ்சிப் பார்த்தார். அதைத் தொடக் கூடாது என்று சொல்லி அனுப்பிவிட்டார் தராசு. படியிறங்கும்போது அந்த மனிதர் கருவியைத் தூங்கும் பிள்ளையைப்போல மார்போடு அணைத்துக்கொண்டு போனது மட்டும் அவர் கண்ணைவிட்டுப் போகவில்லை.

அடுத்த வாரமே இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். அமைச்சர், செயலாளர், இயக்குநர் என்று வரிசையாகப் பெயர் பொறித்த ஓர் அலுமினியத் தகடு மேசையில் பளபளத்தது. அதுவும் மேலே போகவேண்டுமாம். இடமில்லையே என்றார் இவர். கையிருப்பு எதற்கு இருக்கிறது என்றார் இயக்குநர்.

தராசுக்குக் கோபம் வந்தால் முகம் சிவக்காது. பேச்சு மெல்லிசாகும். "சரிங்க சார்" என்றார், பக்கத்தில் இருந்தவருக்கே கேட்காத குரலில்.

அறைக்கு வந்து தகட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எடை போட்டார். ஸ்கேல் வைத்து அளந்தார். பிறகு டயர் கடை மாடிக்குப் போன் போட்டு, கருவியின் மூடியைக் கழற்றிவிட்டு வெறும் கருவியை மட்டும் எடுத்து வரச் சொன்னார். மூடி இல்லாமல் மேலே போனால் ஒரு நாள்கூடத் தாங்காதே என்று கருவிக்காரர் பதறினார். "மூடி அரசாங்கம் தருது. நீங்க வாங்க."

மூடி போனதும் கருவி எடைக்குள் அடங்கிவிட்டது. மூடிக்குப் பதில் தகடு. தகட்டின் எடையோ இயக்குநரே வாயால் கொடுத்தது. தகடு போய்ச் சேருகிற இடத்தை மறைக்காமல் சொல்லித்தான் ஒப்புதல் வாங்கினார். உள்ளூர்க் கண்டுபிடிப்பை அமைச்சரின் பெயரே காக்கிறது என்றால் கேட்க எவ்வளவு நன்றாக இருக்கும் என்று இயக்குநர் பூரித்துப்போனார். எழுத்து அழியாதே என்று மட்டும் கேட்டார். "ஆயுசுக்கும் அழியாது சார். வெயிலே படாது." பூரிப்பில் இருந்தவர் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தகட்டின் ஒரு பக்கத்துக்கு வெயில் தாங்கும் வெள்ளைப் பெயின்ட் அடித்து, இவரே தன் கையால் முடுக்கினார்.

டப்பா மேலே போயிற்று. வயல்களின் ஈரம் திரையில் நீலப் புள்ளிகளாக வந்து விழுந்தபோது, கருவிக்காரர் வராந்தாவுக்கு ஓடிப்போய் மனைவிக்குப் போன் செய்தார்.

பாராட்டு விழாவில் தராசுக்கு முதல் வரிசையில், இயக்குநருக்குப் பக்கத்தில் நாற்காலி. கருவியைச் செய்தவருக்குக் கடைசி வரிசை. மேடையில் அமைச்சர் உருகிக்கொண்டிருந்தார். தம் பெயரைச் சூரியன் நாள்தோறும் படிக்கிறதாம். நட்சத்திரங்கள் எழுத்துக்கூட்டுகின்றனவாம். அரங்கம் கைதட்டியது. இயக்குநரும் தட்டினார். தட்டிக்கொண்டே இருந்தவருக்கு நடுவில் ஏதோ உறைத்திருக்கவேண்டும். கை மெதுவாகி நின்றது. இவர் பக்கம் சாய்ந்தார்.

"எழுத்து வெளிப்பக்கந்தானே இருக்கு?"

தராசு மேடையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மடியில் மல்லாந்து கிடந்த உள்ளங்கையை மட்டும் மெல்லக் கவிழ்த்து வைத்துக்கொண்டார்.