கை கொடுக்காமல் மார்க் போடுகிறவள்

குழந்தையைக் கொஞ்சலாம், குழந்தையிடம் கெஞ்சலாம், கை மட்டும் கொடுக்கக் கூடாது: இதுதான் எங்கள் தொழில். நான் பிசியோதெரபிஸ்ட். பரம்பரையாக வரும் தசை நோய் உள்ள குழந்தைகள் எவ்வளவு தூரம் தாங்களாகவே நிற்கிறார்கள், எழுகிறார்கள், நடக்கிறார்கள் என்று பார்த்து மார்க் போடுவது என் வேலை. தானாகச் செய்தால் இரண்டு, எதையாவது பிடித்துக்கொண்டு செய்தால் ஒன்று, முடியாவிட்டால் பூஜ்யம். பிள்ளை தள்ளாடும்போது துறுதுறுக்கும் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றவர்களுக்கு என் கஷ்டம் புரியும்.

கவுன் நாடா

முகையூர்ப் பக்கத்திலிருந்து விழுப்புரத்துக்கு என்னிடம் வருகிறவள் யாழினி, வயது ஏழு. அவளுக்கு மருந்து ஓர் உதவித் திட்டத்தில் வருகிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை நான் போடும் மார்க் சென்னை டாக்டருக்குப் போகும். ரொம்பச் சரிந்தால், பலனில்லை என்று மருந்தை நிறுத்திவிடுவார்கள். அதனால் அவள் அம்மா செல்விக்கு என் அறை பரீட்சை ஹால்.

ஒருமுறை ஒற்றைக் காலில் நிற்கச் சொன்னேன். மூன்று எண்ணுவதற்குள் சாய்கிற பிள்ளை, பத்து எண்ணியும் அசையவில்லை. எனக்கு ஒரே சந்தோஷம். எழுந்து பின்பக்கம் போய்ப் பார்த்தால், மகளின் கவுன் நாடாவைக் கையில் சுற்றி இழுத்துப் பிடித்தபடி செல்வி உட்கார்ந்திருக்கிறாள். கேட்டதற்கு, "நான் புள்ளைய தொடவே இல்ல மேடம், துணியத்தான் புடிச்சிக்கினு இருந்தேன்" என்றாள்.

எட்டு நாள் ஓய்வு

ஆறு மாதம் கழித்து வந்தபோது அப்பா ஏழுமலையும் கூட வந்தார். பஸ்ஸிலிருந்து ஷேர் ஆட்டோ வரை, அங்கிருந்து என் அறை வரை மகள் அவர் தோளில்தான். கீழே இறக்கினால் முழங்கால் நீளவில்லை. போன முறை தானாக ஏறிய படியில் இப்போது கம்பியைப் பிடித்தும் ஏற முடியவில்லை.

காய்ச்சலா, விழுந்தாளா என்று துருவித் துருவிக் கேட்டேன். எதுவும் இல்லையாம். கரும்பு வெட்டைக் கூட விட்டுவிட்டு மகளோடு இருந்ததாகச் சொன்ன ஏழுமலை, என்னைப் பெருமையாகப் பார்த்தார். "பலம் செலவாயிடக் கூடாதுன்னு எட்டு நாளா கால கீழ படவே உடல மேடம், தூக்கிக்கினே திரிஞ்சேன்!"

திண்டிவனத்தில் ஒரு மார்க்

அசையாமல் வைத்த கால்கள் இறுகிப் போயிருந்தன. டாக்டரிடம் நடந்ததைச் சொல்லி மூன்று வாரம் அவகாசம் வாங்கினேன். ஏழுமலை காலையும் மாலையும் மகளின் கால்களை நீவி, நீட்டி, நடக்கவிட்டார். புதன்கிழமைகளில் நான் திண்டிவனத்தில் இருப்பேன். அங்கேயே வரச் சொன்னேன்.

படி ஏறினாள். நடந்தாள். எல்லாம் ஆறு மாதத்துக்கு முன்பு இருந்த மாதிரியே வந்தது. கடைசியாக, குட்டி ஸ்டூலிலிருந்து கை ஊன்றாமல் எழ வேண்டும். ஸ்டாப்வாட்ச்சை அமுக்கிவிட்டு நிமிர்ந்தேன், நின்றுகொண்டிருந்தாள். படிவத்தில் இரண்டு என்று எழுதினேன். செல்வி பெருமூச்சு விட்டாள். அப்போது யாழினி, "மேடம், தொடைய புடிச்சிக்கினுதான் எழுந்தேன். நீங்க பாக்கல" என்றாள்.

"சும்மா இருடி!" என்று செல்வி அதட்டினாள். மூன்று தடவை முயலலாம் என்பது விதி. மீதி இரண்டு தடவையும் கை தொடைக்குத்தான் போனது. இரண்டை அடித்துவிட்டு ஒன்று போட்டேன். செல்வியின் முகத்தைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் பேனா ஓடியிருக்காது.

சனிக்கிழமை டாக்டர் கூப்பிட்டார். ஒரு மார்க் கூடுவதும் குறைவதும் சகஜம், மருந்து தொடரும் என்றார். செல்விக்குப் போன் போட்டேன். அவள் அழுதேவிட்டாள். யாழினி வாய் திறக்காமல் இருந்திருந்தால், என் கையெழுத்தோடு ஒரு பொய் போயிருக்கும். போனை அவளிடம் கொடுக்கச் சொல்லி நன்றி சொன்னேன்.

"தேங்க்ஸ்லாம் இருக்கட்டும் மேடம், அடுத்த வாட்டி வாட்ச பாக்காம என்னப் பாருங்க."

மார்க் போடுகிறவளுக்கு மார்க் போட அந்தப் படிவத்தில் இடம் விடவில்லை என்பதால்தான் என் பிழைப்பு ஓடிக்கொண்டிருக்கிறது.