பாளையம்பட்டி மாடியில் புவியியல் ரிவிஷன்

கணக்கு டீச்சரைக் கண்டால் பயப்படுவார்கள், இங்கிலீஷ் டீச்சரைக் கண்டால் எழுந்து நிற்பார்கள், புவியியல் டீச்சரைக் கண்டால் கொட்டாவி விடுவார்கள். இந்தப் பாடத்தை எடுத்துப் பாடுபட்டவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. பாளையம்பட்டியில் ஒரு இரும்புக் கடை மாடியில், குரூப் ஃபோர் தேர்வு எழுதுகிறவர்களுக்கு ஞாயிறுதோறும் ரிவிஷன் வகுப்பு எடுத்தேன். அதே தேர்வில் மூன்று தடவை தோற்றவள் என்பதால், எங்கே வழுக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும்.

காலி லாரி

முதல் வாரம் மழை மறைவுப் பிரதேசம். போர்டில் மேற்குத் தொடர்ச்சி மலையை வரைந்து, தென்மேற்குக் காற்று கேரளப் பக்கம் மழையைக் கொட்டிவிட்டு நம் பக்கம் வறண்டு இறங்குகிறது என்றேன். பாதிப் பேருக்குக் கண் சொருகியது.

செல்வி மட்டும் எழுதுவதை நிறுத்திவிட்டுப் போர்டையே பார்த்தாள். எம்.ரெட்டியபட்டிக்காரி. வீட்டுக்காரர் திருப்பூரில் பனியன் கம்பெனி வேலை. பருத்திக் காடும் இரண்டு பிள்ளைகளும் இவள் பொறுப்பு. ஏற்கெனவே இரண்டு தடவை எழுதித் தேறாதவள். அன்று அவள் சொன்னதைக் கேட்ட பிறகு, அந்தக் கேள்வியை என் வகுப்பில் ஒருவரும் தப்பாக எழுதியதில்லை.

“ஆடி பூராவும் காத்து மட்டும் அடிக்குதேன்னு வருசா வருசம் வானத்தத் திட்டுவேன் டீச்சர். இப்பத்தான தெரியுது, லோடை மலைக்கு அங்கிட்டே இறக்கிட்டு காலி லாரியா வருதுன்னு.”

மேப்பில் குறைந்த தூரம்

கருப்பசாமி அண்ணன் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறவர். சவாரி குறைந்த ஞாயிற்றுக்கிழமை என்பதால் வருவார். வரைபட அளவை நடத்தியபோது, அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு ஸ்கேல் வைத்து அளந்து தூரம் சொன்னேன். “தினம் போற ரோடு டீச்சர், இவ்வளவு கம்மி கிடையாது. மேப்பு தப்பு” என்றார். வகுப்பு முழுக்க அவர் கட்சி.

ஸ்கேலைக் கீழே வைத்தேன். பிறகு செல்வியின் பையிலிருந்து தையல் நூலை வாங்கி, ரோட்டின் வளைவுகள் மேலேயே அவரை நூலை வைக்கச் சொன்னேன். அந்த நூலை ஸ்கேலில் நீட்டிக் கணக்குப் போட்டார். அவர் தினம் ஓட்டுகிற தூரமே வந்தது. நூலை விரலில் சுற்றிக்கொண்டே உட்கார்ந்தார்.

“மேப்பும் சரிதான் டீச்சர், நானும் சரிதான். நீங்க அளந்தது காக்கா போற வழி.”

தள்ளுவதும் இழுப்பதும்

இடப்பெயர்வுப் பாடம். வறட்சி, வேலையின்மை தள்ளும் காரணிகள். நகரத்துச் சம்பளம் இழுக்கும் காரணி. மனப்பாடமாக ஒப்பித்துக்கொண்டே போனேன். செல்வி எழுந்தாள். இந்தத் தடவையும் தேறாவிட்டால் காட்டைக் குத்தகைக்கு விட்டுவிட்டுப் பிள்ளைகளோடு திருப்பூருக்கே வந்துவிடச் சொல்லியிருக்கிறார் வீட்டுக்காரர் என்றாள். பதினெட்டுப் பேரும் புத்தகத்தை மூடிவிட்டு அவளைப் பார்த்தார்கள். அவள் போர்டைக் காட்டிக் கேட்டாள்.

“தள்ளுறது இருக்கு, இழுக்குறது இருக்கு. பிடிச்சு நிறுத்துறது எதுன்னு புத்தகத்துல போடலையே டீச்சர்?”

ஒண்ணே ஒண்ணு

முடிவு வந்தபோது கருப்பசாமி அண்ணனுக்குக் கொஞ்சத்தில் தவறிவிட்டது. செல்வி தேறினாள். கலந்தாய்வில் ஊருக்குப் பக்கத்தில் திருச்சுழியிலேயே இளநிலை உதவியாளர் வேலை கிடைத்தது. ஆர்டரோடு அவள் படியேறி வந்த அன்று, பின்னாலேயே அவள் வீட்டுக்காரரும் வந்தார். “அவுக திருப்பூர்ல கணக்கை முடிச்சிட்டு வந்துட்டாக டீச்சர். இனிமே காட்டை அவுக பாத்துக்கிருவாக” என்றாள். அவர் சிரித்தபடி என் மேசையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தை வைத்தார்.

பழத்தை ஓரமாக நகர்த்திவிட்டு, புவியியலில் எத்தனை சரி என்று டீச்சர் குரலில் கேட்டேன்.

“ஒண்ணே ஒண்ணுதான் தப்பு டீச்சர். அது, நீங்க ‘இது வராது, விட்டுருங்க’ன்னு சொன்னது.”

எந்த மண்ணில் என்ன விளையும் என்று அடித்துச் சொல்கிற எனக்கு, கேள்வித்தாளில் என்ன விளையும் என்பது மட்டும் இன்றுவரை பிடிபடவில்லை.