பூநாரைகள் எழும்பிய மாலை

பாடியில் ஒரு கம்பெனியின் பிரஸ் ஷாப்பில் இருபத்திரண்டு வருடம் வேலை பார்த்தவன் நான். தகடு அடிக்கும் இரைச்சலில் காது பாதி போய்விட்டது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொண்டதே இல்லை.

பூநாரை பார்க்க வேண்டும் என்பது என் மனைவியின் ரொம்ப நாள் ஆசை. பொங்கல் லீவில் அண்ணனூரிலிருந்து பழவேற்காடு போனோம். பொழுது சாயும் நேரம். படகுக்காரர் இன்ஜினை நிறுத்திவிட்டு, "அண்ணா, சத்தம் மட்டும் போடாதீங்க" என்று கழியால் தள்ளினார். எதிரே தண்ணீரில் கூட்டம் கூட்டமாகப் பூநாரைகள். அவள் மூச்சுகூட விடவில்லை. நான் அவள் காதருகே குனிந்து, மெதுவாக, "நல்லா கீதுல்ல?" என்றேன்.

அத்தனையும் எழும்பிப் பறந்துவிட்டன.

"ஏன் இப்டி கத்துன?" அவள் கண் கலங்கியிருந்தது.

"மெதுவாத்தானே கேட்டேன்!"

அவள் எனக்குக் கேட்கிற மாதிரி சொன்னாள். "ஊட்லயும் நீ இப்டித்தான் பேசிகினு கீற. சொன்னா சண்டையாவும்னு உட்டுட்டேன்."

நான் பேசும்போதெல்லாம் அவள் தோள் ஏன் ஒடுங்கும் என்று அப்போதுதான் புரிந்தது. நான் கொஞ்சியதுகூட அவளுக்கு அதட்டலாகத்தான் போய்ச் சேர்ந்திருக்கிறது.

இப்போது குரலைத் தாழ்த்திப் பேசுகிறேன். நான் சொல்வது எனக்கே கேட்பதில்லை. அவள் தோளைப் பார்த்துக்கொண்டே பேசுகிறேன்.