பெரியப்பா மொழிபெயர்த்த மெசேஜ்

மாமா புனேயில் டெங்குக் காய்ச்சலில் படுத்தபோது நான் நாலாம் வகுப்பு படித்துக்கொண்டிருந்தேன். அம்மாவுக்கு அவர் ஒரே தம்பி. தாய் தகப்பன் போன பிறகு அம்மாதான் அவரை வளர்த்தாள். கல்யாணமாகி சேக்காட்டுக்கு வந்தபோது பெட்டியோடு தம்பியையும் கூட்டிக்கொண்டு வந்தவள். கார் பார்ட்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்து புனேக்குப் போன மாமாவை ஐசியுவில் சேர்த்துவிட்டார்கள் என்று தெரிந்ததும் அப்பா ரயிலேறிவிட்டார்.

மாமாவோடு அறையில் தங்கியிருந்தவருக்குத் தமிழ் தெரியாது. அம்மாவுக்கு இந்தி தெரியாது. ஆகவே செய்தியெல்லாம் அம்மாவின் போனுக்கு இங்கிலீஷில் வந்தது. படித்துச் சொல்லும் பொறுப்பைப் பெரியப்பா ஏற்றுக்கொண்டார். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஸ்டோர்ஸ் கிளார்க்காக இருந்தவர். எங்கள் தெருவில் எந்த இங்கிலீஷும் அவரைத் தாண்டிப் போனதில்லை.

அன்று காலை அம்மா இட்லிக்கு மாவு ஊற்றிக்கொண்டிருந்தாள். போன் சத்தம் கொடுத்தது. நான் எடுத்துப் பெரியப்பாவிடம் கொடுத்தேன். அவர் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தார். மறுபடியும் படித்தார். பிறகு போனை என் கையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

"இன்னா போட்டுக்கீறாரு, சொல்லுங்க" என்றாள் அம்மா.

"ஹீ ஹேஸ் புல்ட் த்ரூன்னு போட்டுக்கீறான்மா."

"அப்டின்னா?"

"புல்லுன்னா இழுக்கிறது. பேங்க் கதவுல கூட எழுதிக்கீதே." அவர் குரல் இறங்கியது. "நம்ம புள்ளைக்கு இழுத்துக்கினு கீதாம்மா."

ஒருவருக்கு இழுத்துக்கினு கீது என்றால் எங்கள் பக்கத்தில் ஒரே அர்த்தம்தான்: கடைசி மூச்சு. பெரியம்மா அங்கேயே உட்கார்ந்து மாரில் அடித்துக்கொண்டாள். எதிர் வீட்டு அத்தை ஓடிவந்து சேர்ந்துகொண்டாள். தெருவே எங்கள் வாசலில் கூடியது. பந்தல்காரருக்குச் சொல்லிவிடலாமா என்று ஒருவர் மெதுவாகக் கேட்டார். பெரியப்பா தன் போனிலிருந்து அப்பாவைக் கூப்பிட்டுப் பார்த்தார். ரயிலில் சிக்னல் இல்லை. மாமாவின் அறைக்காரரும் எடுக்கவில்லை.

அம்மா மட்டும் அழவில்லை. அடுப்பை அணைத்தாள். பீரோவைத் திறந்து கையில் அகப்பட்ட புடவைகளைப் பையில் திணித்தாள்.

"நான் போறேன். உசுரு கீறப்பவே மூஞ்சப் பாத்துடணும்" என்றாள்.

ஒப்பாரியைவிட அந்த அழாத முகம்தான் எனக்குப் பயமாக இருந்தது.

அவள் செருப்பை மாட்டும்போது என் கையிலிருந்த போன் அடித்தது. திரையில் மாமாவின் படம். யாருக்குப் பந்தல் வரைக்கும் பேசி முடித்தோமோ அந்த ஆளே கூப்பிடுகிறார். போனைக் கீழே போடாமல் எப்படி எடுத்தேனோ தெரியாது. ஸ்பீக்கரில் ஈனமாக ஒரு குரல் வந்தது.

"அக்கா எங்கடி? வார்டுக்கு மாத்திட்டாங்கன்னு சொல்லு. இங்க கஞ்சி குடுக்கிறாங்க, வாயில வெக்க முடில. அக்கா வெக்கிற ரசம் வோணும்."

ஒப்பாரி பாதி வரியில் நின்றது. அம்மா போனை வாங்கினாள். "சரி. பேசாத. படுத்துக்க" என்று மட்டும் சொன்னாள்.

கொஞ்ச நேரத்தில் எங்கள் வீடு கல்யாண வீடாகிவிட்டது. மாரில் அடித்துக்கொண்ட கையாலேயே பெரியம்மா எல்லோருக்கும் காபி போட்டாள், சர்க்கரையைத் தாராளமாக அள்ளிப் போட்டு. பெரியப்பா உள்ளே போய் டிக்ஷனரியோடு வந்தார்.

"இழுத்துக்கினு கீதுன்னுதான் சொன்னேன். பூட்டான்னா சொன்னேன்?" என்று ஆரம்பித்தார். புல்லுக்குப் பின்னால் டவுன் வந்தால் இடிப்பதாம். அவுட் வந்தால் விலகிக்கொள்வதாம். ஓவர் வந்தால் வண்டியை ஓரங்கட்டுவதாம். த்ரூ வந்தால் ஆபத்திலிருந்து மீள்வது. வெள்ளத்தில் மாட்டிய ஆளை அக்கரைக்கு இழுத்துப் போட்டதிலிருந்து வந்திருக்கும் என்று அவராகவே ஒரு பூர்வீகமும் சொன்னார். "ரெகவர், சர்வைவ் எல்லாம் ஒண்ணுதான். அந்தாளு ரெகவர்டுன்னு போட்டிருந்தா இந்தப் பேஜாரே இல்ல."

"தேறிட்டான்னு சொல்றது" என்றார் பந்தல்காரருக்குச் சொல்லலாமா என்று கேட்டவர்.

"பொழச்சுக்கினான்" என்றாள் பெரியம்மா.

"கரையேறிட்டான்" என்றாள் எதிர் வீட்டு அத்தை. அதுதான் சரி என்று பெரியப்பா தீர்ப்புச் சொன்னார்.

அம்மாவைக் காணவில்லை. தேடிப்போனேன். வீட்டுக்குப் பின்னால், துவைக்கிற கல்லின் மேல், பையை மடியில் வைத்துக்கொண்டு அவள் குலுங்கிக் குலுங்கி அழுதுகொண்டிருந்தாள்.

"அம்மா, மாமா நல்லாத்தாம்மா கீறாரு."

"தெரியும்டி" என்றாள். அழுகை நிற்கவில்லை.

இழுக்கிறது என்றபோது அழாதவள், பிழைத்துவிட்டார் என்ற பிறகு ஏன் அழ வேண்டும்? எனக்கு ஒரு காரணம்தான் தோன்றியது. அம்மாவுக்கு அர்த்தம் இன்னும் விளங்கவில்லை. ஓடிப்போய்ப் பெரியப்பாவை டிக்ஷனரியோடு இழுத்துக்கொண்டு வந்தேன்.

"அம்மாக்கு இன்னொருவாட்டி சொல்லுங்க பெரிப்பா."

அவர் அம்மாவைப் பார்த்தார். டிக்ஷனரியைத் திறக்கவே இல்லை. என் தோளைப் பிடித்துத் திருப்பி, உள்ளே கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

அவருக்கும் சரியாகத் தெரியவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.