பென்சிலைப் பிடுங்காத குரல்

சாயங்காலம் ஆனால் போதும், நூலகத்தின் மாடி அறையில் தொலைபேசி அலற ஆரம்பித்துவிடும். எடுப்பவள் கணக்கக்கா. அவளுடைய சொந்தப் பெயரைக் கேட்டால் நூலகரே தலையைச் சொறிவார்.

"கணக்கக்காவா? வகுத்துட்டு மீதி எங்க போச்சுன்னு கேட்டு எம்பையன் அழறான்ங்க. நான் எங்க போய்த் தேடுவேன்?" என்பார் ஓர் அப்பா.

"போனை அவன்கிட்ட குடுத்துட்டு நீங்க போய் முகம் கழுவிட்டு வாங்க. அவனைவிட நீங்கதான் அதிகமா அழறீங்க."

முன்பு அவள் கீழே புத்தகம் அடுக்கிக்கொண்டிருந்தவள்தான். நூலகத்தை எப்போது மூடுவார்கள் என்று கேட்க ஒருநாள் ஒரு தாய் போன் செய்தாள். பேச்சுவாக்கில் மகளின் வீட்டுப்பாடம் நினைவுக்கு வந்து கோவென்று அழுதுவிட்டாள். கணக்கக்கா புத்தக வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு, அந்தச் சிறுமி வகுத்தல் கணக்கைத் தானே போட்டு முடிக்கும்வரை போனை வைக்கவில்லை. அந்தத் தாய் சும்மா இருப்பாளா? அக்கம்பக்கமெல்லாம் சொல்லிவிட்டாள். கொஞ்ச நாளில் புத்தகம் கேட்டு வந்த அழைப்புகளைவிடக் கணக்குக் கேட்டு வந்தவை அதிகமாயின. சுவருக்கு எத்தனை டப்பா பெயின்ட் வேண்டும் என்று கேட்டு ஒரு புதுமாப்பிள்ளைகூடக் கூப்பிட்டான். நூலகர் பார்த்தார். ஒரு மேசையையும் பழைய போன் ஒன்றையும் மாடிக்கு ஏற்றிவிட்டார்.

அவளிடம் ஒரு வைராக்கியம் உண்டு. விடையைச் சொல்லவே மாட்டாள். பிள்ளை தப்பாகப் போட்டால், "அடடே, அது எப்படி வந்துச்சு? எனக்குச் சொல்லிக் குடு பாப்போம்" என்பாள். சொல்லிக்கொண்டே வரும் பிள்ளை பாதி வழியில் தானே நாக்கைக் கடித்துக்கொள்ளும்.

ஆனால் விளக்குக்கு அடியில்தானே இருட்டு! வீட்டில் பதினோரு வயது மகள். ஊர்ப் பிள்ளைகளிடம் தேனாய் இனிக்கும் அந்த நாக்கு, சொந்தப் பிள்ளையிடம் மட்டும் மிளகாயாய் மாறிவிடும். முதல் தப்புக்கு, "இதுகூடவாடி தெரியல?" இரண்டாவது தப்புக்குப் பென்சில் அம்மாவின் கைக்குப் போய்விடும். விடை வந்துவிடும். மகளின் கண்ணில் தண்ணீரும் வந்துவிடும்.

இப்போதெல்லாம் அம்மாவின் செருப்புச் சத்தம் கேட்டாலே கணக்குப் புத்தகம் மூடிக்கொள்கிறது.

"கணக்கு இல்லையாடி?"

"இல்லம்மா. இன்னிக்கு எதுவும் குடுக்கல."

நேற்றும் இதே பதில், முந்தாநாளும் இதே பதில். ஒரே ஒரு கணக்கை மகள் தன்னிடம் கேட்டுவிட மாட்டாளா என்று அந்தப் பெற்ற மனம் ஏங்கியது. யாரிடம் சொல்லி அழுவாள்? ஊரே வந்து அழுகிற இடத்தில் அல்லவா அவள் உட்கார்ந்திருக்கிறாள்!

அன்றைக்கும் போன் அடித்தது.

"வணக்கம் மேடம்." வாயில் துணியை வைத்துக்கொண்டு பேசுவது போல ஒரு கரகரத்த ஆண் குரல். "நான் ஒரு... ஒரு பொண்ணோட அப்பா பேசறேன்."

"சொல்லுங்க சார்."

"அரையையும் மூணுல ஒண்ணையும் கூட்டினா அஞ்சுல ரெண்டு வருது. புக்குல பின்னாடி வேற விடை இருக்கு. புக்கு தப்பா மேடம்?"

அவருக்குப் பின்னால் ஒரு ரகசியக் குரல் கிசுகிசுத்தது. "அப்பா, கைக்குட்டை நழுவுது! கண்டுபிடிச்சிடப் போறாங்க!"

கணக்கக்கா போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள். பெற்ற வயிற்றுக்குத் தெரியாத குரலா? அந்தக் கரகரப்பும், பஸ் ஓட்டிவிட்டு வந்து சட்டைகூட மாற்றாமல் நிற்கும் அவள் புருஷனுடையதுதான். 'அடியே!' என்று கத்த வாய் வரைக்கும் வந்தது. அம்மா ஒருத்தி குத்துக்கல்லாட்டம் இருக்க, கைக்குட்டைக்குப் பின்னால் ஒளிந்துகொண்டா கேட்பாள்? ஆனால் கத்தினால் போன் வைக்கப்படும். அதன்பிறகு இந்த ஜென்மத்தில் கேட்க மாட்டாள். வந்த சொல்லை விழுங்கினாள்.

"புக்கு இருக்கட்டும் சார். ஒரு பாட்டில்ல பாதி தண்ணி இருக்கு. இன்னும் கொஞ்சம் ஊத்தறீங்க. தண்ணி பாதிக்கு மேல ஏறுமா, கீழ இறங்குமா?"

"மேலதான் ஏறும்."

"அஞ்சுல ரெண்டு, பாதிக்கு மேலயா கீழயா?"

"மேடம், நான் பஸ்ஸு ஓட்டறவன். அதெல்லாம்..."

"குடுப்பா இங்க!" இப்போது மூக்கைப் பிடித்துக்கொண்ட ஒரு குட்டிக் குரல். "கீழதான் மேடம். அஞ்சுக்கு ரெண்டரைதானே பாதி? ஐயோ, ஊத்த ஊத்தக் குறைஞ்சிருக்கு!"

"பாட்டில் ஓட்டையோ என்னவோ."

அந்தப் பக்கம் களுக்கென்று ஒரு சிரிப்பு. எத்தனை நாளாயிற்று இந்தச் சிரிப்பைக் கேட்டு!

"ஒரே அளவுத் துண்டா இருந்தாத்தானே எண்ண முடியும்? அரையையும் மூணுல ஒண்ணையும் ஒரே அளவுத் துண்டா வெட்டணும்னா, மொத்தத்தை எத்தனையா வெட்டுவ?"

பென்சில் தேய்வது கேட்டது. கணக்கக்காவின் வலதுகை தன்னாலே மேசைமேல் ஊர்ந்தது. பிடுங்குவதற்குத்தான் அங்கே பென்சில் இல்லையே! போன் வயரை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஆறு! அப்ப ஆறுல மூணு, ஆறுல ரெண்டு... ஆறுல அஞ்சு! அப்பா, ஆறுல அஞ்சு!"

குதிக்கிற சத்தம். பிறகு தயங்கித் தயங்கி அந்த மூக்குக் குரல் கேட்டது. "மேடம், உங்களுக்குப் பொண்ணு இருக்கா?"

"இருக்கா."

"அவளுக்கும் இப்படித்தான் பொறுமையா சொல்லித் தருவீங்களா?"

பொய் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? அவளால் முடியவில்லை.

"இல்லம்மா. அவ பென்சிலைப் பிடுங்கிடுவேன்."

"ஏன்?"

"மத்த பிள்ளைங்க தப்பா போட்டா எனக்குச் சிரிப்பு வருது. அவ தப்பா போட்டா பயம் வருது. இவ எப்படிக் கரையேறுவாளோன்னு... பயத்துல கை முந்திக்குது. அவளைக் கேட்டா நான் மோசமான டீச்சர்னுதான் சொல்லுவா. அவ சொல்றது சரிதான்."

மூக்கை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது. போன் மெல்ல வைக்கப்பட்டது.

அன்று வேலை முடிந்ததும் அவள் நடக்கவில்லை, பறந்தாள். கதவைத் திறந்த கணவரிடம் கேட்டாள்: "என்ன சார், தொண்டை தேவலையா?"

மனிதர் பேயறைந்தது போல நின்றார். அவர் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு தலை எட்டிப் பார்த்தது.

"அம்மா! தெரியுமா உனக்கு? எப்பத்துலேர்ந்து?"

"கைக்குட்டை நழுவினதுலேர்ந்து."

"நான் அப்பவே சொன்னேன், இந்த அப்பாவுக்கு நடிக்கவே வராது!"

"அடிப்பாவி, ஐடியா உன்னோடது, பழி எனக்கா?" என்றார் அவர்.

மகள் சிரிக்கவில்லை. "அப்ப நீ பயம்னு சொன்னது... என்கிட்டயா சொன்ன?"

"உன்கிட்டதாண்டி கண்ணு."

ஓடி வந்து இடுப்பைக் கட்டிக்கொண்டாள். சற்று நேரம் கழித்து உள்ளே போய்க் கணக்குப் புத்தகத்தை எடுத்து வந்து தரையில் உட்கார்ந்தாள். அம்மா ஆசையாகப் பக்கத்தில் நெருங்கினாள்.

"அங்க வேணாம். போன்ல உன் கை வரல, அதான் நல்லா இருந்துச்சு. திரும்பி உக்காரு."

முதுகோடு முதுகு சேர்த்து இருவரும் உட்கார்ந்தார்கள். மகள் கணக்கை உரக்க வாசித்தாள். இரண்டாவது வரியிலேயே தப்பு. கணக்கக்காவின் விரல்கள் துடித்தன. இரண்டு உள்ளங்கைகளையும் தொடைக்கு அடியில் போட்டு அவற்றின்மேல் உட்கார்ந்துகொண்டாள்.

"நான் வேணா கையைப் பிடிச்சுக்கவா?" என்றார் கணவர்.

"ஷ்!" என்றார்கள் இருவரும்.

பென்சில் நின்றது. ரப்பர் தேய்க்கும் அசைவு முதுகு வழியாக முதுகுக்கு வந்தது. மறுபடியும் பென்சில் ஓடியது. கடைசியில் மகள் ஒரு விடையைச் சொன்னாள். சரியான விடை. தாயின் கன்னத்தில் கண்ணீர் தாரையாக வழிந்தது. துடைக்கக் கையை எடுக்கப் பயந்து அப்படியே விட்டுவிட்டாள்.

"அடுத்த கணக்கு," என்று முழங்கையால் பின்னால் இடித்தாள் மகள். "தூங்கிடாதம்மா."