சகாயமேரியம்மாவின் விதை நல்ல விதை

ஆவூர் கோயிலில் துக்கமணி அடித்தபோது நான் டீக்கடையில் இருந்தேன். மந்திரி வீட்டிலிருந்து என் பண்ணைக்கு ஆள் வந்து மிளகாய்க் கன்று கேட்ட கதையைச் சொல்லிக்கொண்டிருந்தேன். "நாத்துக்கார சகாயமேரி போய்ட்டாங்கண்ணே" என்றார் கடைக்காரர். கதை பாதியில் நின்றது.

அறியாதவர்களுக்காகச் சொல்கிறேன். என் நாற்றுப்பண்ணைக்கு அடுத்த பண்ணை சகாயமேரியம்மாவுடையது. இந்த ஜில்லாவில் நாற்று வளர்ப்பில் எனக்கு நிகர் யாருமில்லை, அவர்களைத் தவிர. இந்தக் கடைசி வார்த்தையை அவர்கள் இருந்தவரை நான் சொன்னதே இல்லை.

ஒரு சித்திரையில் தங்கள் மிளகாய் விதையில் பாதியை எனக்குத் தந்தார்கள். அவர்கள் நிழல்வலைக்கு அடியில் விதைத்தார்கள். நான் தகரக் கொட்டகையின் ஓரம், கொதிக்கிற வெக்கையில். என் கன்றுகள் நெடுநெடுவென்று உயர்ந்தன. முழங்கால் உயரம் என்று ஊரெல்லாம் சொன்னேன். உண்மையில் ஒரு சாண். எல்லாம் என் ரகசிய உரம் என்றும் சொன்னேன்.

சகாயமேரியம்மா வந்து பார்த்தார்கள். "அண்ணே, இது வளத்தி இல்லைங்க, சூடு. வெக்கை தாங்காமத் தண்டு நீளுது, எலை காம்பத் தூக்கிக்கிட்டுக் காத்துக்கு ஏங்குது. தண்டப் பாருங்க, நூலாட்டம். நெழலுக்கு மாத்தி, பத்து நாள் தேத்திட்டுக் குடுங்க."

"ஏன் தாயி, ஒங்க கன்னு குள்ளமாப் போச்சுன்னு வயித்தெரிச்சலா?" என்றேன். வாங்க வந்தவர்கள் சிரித்தார்கள். உயரத்தைப் பார்த்து அத்தனையும் வாங்கிப் போனார்கள்.

நட்ட வாரமே ஒரு காற்று. கன்றெல்லாம் மடிந்து படுத்தன. வாங்கிப் போனவர்களில் முதலில் முருகையாதான் சண்டைக்கு வந்தார். "என்னய்யா கன்னு குடுத்த?"

நான் கூசாமல், "வெதை சகாயமேரி குடுத்தது. அங்கிட்டுப் போய்க் கேளு" என்றேன்.

போனார்கள். என்னைப் பற்றிச் சகாயமேரியம்மா வந்தவர்களிடம் ஒரு சொல் சொல்லவில்லை. அந்த அம்மாவின் மிளகாய்க் கன்றுகள் அதற்குள் கறம்பக்குடிப் பக்கம் விற்றுப்போயிருந்தன. இருந்த கத்திரிக் கன்றுகளை வந்தவர்களுக்குச் சும்மாவே அள்ளிக் கொடுத்தார்கள். பிறகு வேலியோரம் வந்து என்னிடம் சொன்னார்கள்: "என்னைய என்ன வேணாச் சொல்லுங்கண்ணே. வெதை மேல பழி போடாதீங்க. அது சூட்டுக்குத் தப்பிக்கப் பாத்துச்சு, அம்புட்டுதான்."

அதன்பின் உள்ளூரில் ஒருவரும் அவர்களிடம் மிளகாய்க் கன்று வாங்கவில்லை.

அடக்கத்தன்று கல்லறைத் தோட்டத்தில் முருகையா என் பக்கத்தில் நின்றார். "நல்ல மனுசி. அந்த மொளகா வெதைதான் மோசம்ணே" என்றார். நான் ஒரு பிடி மண்ணை அள்ளிக் குழியில் போட்டேன்.

மறுநாள் முருகையா வீட்டுக்குப் போய், கெடுத்தது விதையில்லை, என் கொட்டகை வெக்கைதான் என்று நடந்ததைச் சொன்னேன். என்னை உட்காரச் சொல்லவில்லை. "அவுக உசிரோட இருக்கையில சொல்லியிருக்கலாம்ல" என்றார்.

சகாயமேரியம்மாவின் நிழல்வலைக்கு அடியில் இந்த வருடத்து மிளகாய்க் கன்றுகள் விரல் உயரத்தில், தடித்த தண்டோடு நிற்கின்றன. இன்று காலை முருகையா வந்து, குனிந்து, ஒரு தண்டைத் தொட்டுப் பார்த்தார். என்னை அவர் பார்க்கவில்லை.

போய் வாருங்கள், தாயி. இதில் ஒரு சொல்லும் நான் கூட்டிச் சொல்லவில்லை.